தீவன மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு விதைப் பை வையுங்கள்

தாராபுரம், காங்கயம், வெள்ளகோவில் பகுதிப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், காலையும் மாலையும் அங்கே பால் ஊற்றுகிற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போல் கேனோடு வரிசையில் நிற்கிறவன்தான். கட்டுத்தறியில் நாலு கறவை, இரண்டு கிடாரி. பட்டுவாடா நாளில் நோட்டைப் பிரித்ததும் பால் எத்தனை லிட்டர் என்று யாரும் முதலில் பார்ப்பதில்லை. தீவனப் பிடித்தம் எவ்வளவு என்றுதான் கண் போகிறது. அந்த வரிதான் வருடத்துக்கு வருடம் நீள்கிறது. 2023 டிசம்பரில் ஆவின் பசும்பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஏற்றி 38 ரூபாய் ஆக்கியபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். பால் விலையைப் பற்றிப் பேச நமக்குச் சங்கம் இருக்கிறது, போராட்டம் இருக்கிறது. தீவனச் செலவைப் பற்றிப் பேசத்தான் யாரும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு சங்கமும் பயறுவகைத் தீவனப் பயிர்களுக்கு ஒரு விதைத் தோட்டம் வைக்கட்டும். வேலிமசால், தீவனத் தட்டைப்பயறு, முயல்மசால் விதைகளைத் தீவன மூட்டை விற்கிற அதே அறையில் வைத்து, அதே நோட்டில் பிடித்தம் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுக்கட்டும். ஏன் இதைக் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோ-4 கம்பு நேப்பியர் புல் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது 2008ஆம் ஆண்டு. இன்று நம் பக்கத்தில் அது இல்லாத கிணற்று மேடு உண்டா? அது எப்படிப் பரவியது என்று யோசித்துப் பாருங்கள். கரணைதான், அதாவது நடுவதற்கு வெட்டுகிற தண்டுத் துண்டுதான் காரணம். ஒருவர் நட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து இரண்டு கட்டு வெட்டிக்கொண்டு போனார். அவர் மச்சான் மொபெட்டில் வைத்து மூலனூருக்குக் கொண்டு போனார். காசு கைமாறவில்லை, கடைக்காரர் தேவைப்படவில்லை, எந்த அலுவலகத்திலும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. தன்னைத் தானே ஊர் ஊராகக் கொண்டு போகிற பயிர் அது.

நல்ல பயிர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புல் என்றைக்கும் புல்தான். நேப்பியரில் புரதம், காய்ந்த எடைக்கு 8 முதல் 10 விழுக்காடு. தண்டு முற்றிவிட்டால் அதுவும் குறையும். சோளத்தட்டில் 4 விழுக்காட்டுக்குப் பக்கம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்குகிற வைக்கோலில் அதைவிடவும் குறைவு. மாட்டுக்கு வயிறு நிறைகிறது, ஆனால் பாலுக்கு வேண்டிய புரதம் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது மூட்டையிலிருந்து வருகிறது. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கலப்புத் தீவனம் என்று நாம் எந்தப் பெயரில் வாங்கினாலும் பெரும்பாலும் புரதத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. நேப்பியரில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. அது தீவனத்திலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இராப்பகல் நேப்பியர் மட்டுமே தின்கிற மாட்டைக் கன்று போட்ட பிறகு கவனமாகப் பார்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். வேலிமசாலும், லூசர்ன் என்கிற குதிரைமசாலும் சுண்ணாம்புச் சத்து நிறைந்தவை. பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு பயறு வகையாக இருக்கட்டும் என்று அவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பூக்கும் முன் அறுத்த வேலிமசால் 5 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர் போக ஒன்றேகால் கிலோ நிற்கும். புரதம் 16 விழுக்காடு என்று குறைத்தே வைத்தாலும் 200 கிராம் வருகிறது. 20 விழுக்காடு புரதம் உள்ள கலப்புத் தீவனம் ஒரு கிலோவில் இருப்பதும் அதே 200 கிராம். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ தழை போட்டால், புரதக் கணக்கில் ஒரு கிலோ தீவனம் நம் காட்டிலிருந்தே வந்துவிட்டது என்று பொருள். எரிசக்திக் கணக்கு வேறு. பதினைந்து லிட்டர் கறக்கிற மாட்டுக்குத் தழையை மட்டும் போட்டுவிட்டுத் தீவனத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். குறைக்கலாம். நான் குறைத்திருக்கிறேன். 25 சென்ட் வேலிமசால் என் நாலு மாட்டுக்கும் போதுகிறது.

இதெல்லாம் புதிதாக வந்த அறிவும் இல்லை. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா காலத்தில் சோளக் காட்டுக்குள் தட்டைப்பயறும் நரிப்பயறும் அவரையும் கலந்துதான் விதை போகும். கதிரைக் கிள்ளிய பிறகு தட்டோடு கொடியும் சேர்ந்து தீவனப் போருக்கு வரும். புரட்டாசி, ஐப்பசியில் கொள்ளு. தை மாசி களத்தில் பயறு அடித்த பிறகு மிஞ்சுகிற கொள்ளுப் பொட்டையும் உளுந்தம் பொட்டையும் சிந்தாமல் அள்ளி அட்டாரியில், அதாவது பரணில் ஏற்றுவார்கள். கொறங்காட்டைப் பாருங்கள். நம் காங்கயம் மாட்டை வளர்த்த மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் கிளுவை வேலி, கீழே கொழுக்கட்டைப் புல், மழை விழுந்தால் புல்லுக்கு நடுவே படர்கிற நரிப்பயறு, மேலே வெள்வேல மரம். வெள்வேலும் பயறுக் குடும்பந்தான். புல் கருகிப்போன கோடையில் உதிர்கிற வெள்வேல நெற்றுதான் ஆட்டுக்குச் சாப்பாடு. புல்லும் பயறும் மரமும் ஒரே காட்டில் நிற்க வேண்டும் என்று யாரோ ஒரு விவசாயி நெடுங்காலத்துக்கு முன்பே கண்டு வைத்த ஏற்பாடு. இன்றைக்கு அமாவாசைக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி மாட்டுக்குக் கொடுப்பதோடு அந்த உறவு பல வீடுகளில் நின்றுபோய்விட்டது. எனக்கு இதை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது.

சரி, நல்லது என்று தெரிந்த பயிர் ஏன் பரவவில்லை? தண்ணீர் இல்லை, ஆள் இல்லை என்று காரணம் சொல்வோம். என் கணக்கில் முதல் காரணம் விதை. நேப்பியரைக் கரணையாக வெட்டிக் கொடுக்கலாம். பயறுவகைக்கு விதை வேண்டும். தீவனத்துக்கு வளர்க்கிறவன் பூ எடுக்கும்போதே அறுத்துவிடுகிறான். சத்து அப்போதுதான் அதிகம், அறுத்தாகத்தான் வேண்டும். அப்படி அறுத்தால் காய் இல்லை, விதை இல்லை. நன்றாக வளர்க்கிறவன் கையில்தான் அடுத்த பட்டத்துக்கு விதை இருக்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கேட்டால் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. இந்தப் பயிர் தானாக ஊர் தாண்டாது. யாராவது ஒருவர், தழையை விட்டுக்கொடுத்து, காய் பழுக்கும்வரை காத்திருந்து, விதையைச் சேர்த்து வைக்க வேண்டும். தனி ஆள் அதைச் செய்ய மாட்டார். செய்யவும் கட்டாது. பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்து வைத்திருக்கிற சங்கத்தால்தான் முடியும்.

விதையில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை வேலிமசால் விதை ஒரு கடையில் வாங்கினேன். பார் பிடித்து, தொழுவுரம் போட்டு, விதைத்துத் தண்ணீரும் விட்டேன். இருபது நாள் பார்த்தேன். அங்கொன்று இங்கொன்றாக முளைத்தது, அவ்வளவுதான். விதை கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். விதை கெடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வேலிமசாலுக்கும் முயல்மசாலுக்கும் விதைத்தோல் கல் மாதிரி. தண்ணீர் உள்ளே போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, மூன்று நாலு நிமிடம் ஆறவிட்டால் 80 டிகிரிக்கு வரும். அதில் விதையைப் போட்டு நாலைந்து நிமிடம் வைத்து வடித்துவிட வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விதைப் பையோடு கொடுத்திருந்தால் எனக்கு ஒரு பட்டம் வீணாகியிருக்காது.

இரண்டாவது தடவை ஒரு திட்டத்தில் பெயர் கொடுத்தேன். ஆடிக்கு முன்பே எழுதிக் கொடுத்தது. விதை கைக்கு வந்தது கார்த்திகை முடியும்போது. மழை போய், காடு காய்ந்து, விதைப் பை அட்டாரியில் தூங்கியது. அடுத்த வருடம் போட்டபோது பாதிக்கு வண்டு விழுந்திருந்தது, தட்டைப்பயறு அல்லவா. யாரையும் பழிக்க இதை எழுதவில்லை. தொலைவிலிருந்து வருகிற விதை நம் பட்டத்துக்கு வந்து சேராது, அதைத்தான் சொல்ல வருகிறேன். மழை விழுந்த மறுநாள் காலை பால் ஊற்றப் போகும்போதே கேனோடு விதையும் கொண்டுவர முடிந்தால்தான் மானாவாரிக்காரனுக்குப் பயன்.

எந்த நிலத்துக்கு எது என்பதிலும் நிதானம் வேண்டும். குதிரைமசால் தீவனங்களின் ராணி என்று படித்துவிட்டு எல்லோரும் அதன் பின்னால் போக வேண்டாம். அதற்கு விடாமல் தண்ணீர் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கவும் கூடாது. விதைத்து 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 25, 30 நாளுக்கு ஓர் அறுப்பு. நல்ல வாய்க்கால் பாசனமும் வடிகிற மண்ணும் உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம். விதை பெரும்பாலும் குஜராத் பக்கமிருந்து வருகிறது. வாங்கும்போது கஸ்குட்டா விதை கலக்காத சான்று விதையா என்று கேட்டே வாங்குங்கள். மஞ்சள் நூல் மாதிரி சுற்றிப் படர்கிற அந்த ஒட்டுண்ணி ஒரு தடவை வந்துவிட்டால் காட்டையே கொளுத்த வேண்டியிருக்கும்.

போர்வெல் தண்ணீர் அளந்து விடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு வேலிமசால்தான். ஏக்கருக்கு 8 கிலோ விதை. 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒரு தடவை. தாமதித்தால் தண்டு விறகாகிவிடும். வறட்சியில் காய்ந்தது போல நின்றாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். நேப்பியர் மூன்று பாருக்கு வேலிமசால் ஒரு பார் என்று சேர்த்து வைத்தால் ஒரே அறுப்பில் இரண்டும் கலந்தே வரும். பாசனமே இல்லாத காட்டுக்கும், பாழடைந்த கொறங்காட்டுக்கும், தென்னைக்கு நடுவே வெயில் விழுகிற இடத்துக்கும் முயல்மசால். ஏக்கருக்கு 3, 4 கிலோ போதும். முதல் வருடம் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். பொறுத்தால் உதிர்ந்த விதையிலேயே பரவும். அவசரத் தேவைக்குத் தட்டைப்பயறு. ஏக்கருக்கு 16 கிலோ விதைத்தால் 50, 55 நாளில் பாதி பூத்திருக்கும்போது அறுக்கலாம்.

விதைக்கு ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரத்தைக் கலக்க மறக்காதீர்கள். 200 கிராம் பொட்டலம், எக்டேருக்கு 3 என்பது கணக்கு. ஆறிய சோற்றுக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். சுடுநீர் வைத்தியம் செய்கிற விதைக்கு அதெல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் இது. ஒரு மாதம் கழித்து ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை அது பிடிக்கிறது. அந்தப் பாருக்கு யூரியா தேவைப்படாது. என் மகனுக்கு முதன்முதலாக அதைக் கிள்ளிக் காட்டியபோது அவன் கண்ணில் கண்ட வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது காய்ந்த தீவனம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச ஆசை, ஏனென்றால் இதற்கு நம் ஊரைப் போல வாய்த்த ஊர் குறைவு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடி முழுக்க நம் காட்டில் வீசுகிறது. மழையை மலையின் அந்தப் பக்கமே விட்டுவிட்டுக் காற்று மட்டும் வருகிறது. அதை நம்பித்தான் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று தீவனத்தையும் காய வைக்கும். சித்திரை மழைக்குத் தட்டைப்பயறை விதைத்தால் ஆனியில் அறுப்பு. அறுத்தது இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். பச்சையாக ஐந்தாறு கிலோ இருந்தது காய்ந்தால் ஒரு கிலோவாகும். எடை போச்சே என்று வருந்த வேண்டாம், போனது தண்ணீர்.

காய வைப்பதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு, நானும் செய்தேன். கட்டாந்தரையில் பரப்பி, தண்டு முறிகிற வரைக்கும் வெயிலில் விட்டுவிடுவது. பயறுவகையில் புரதத்தின் பெரும்பங்கு இலையில் இருக்கிறது. இலை ஒரே நாளில் காய்ந்து நொறுங்கத் தொடங்கும், தண்டு அப்போதும் ஈரமாக இருக்கும். உச்சி வெயிலில் புரட்டினால் இலையெல்லாம் தரையில் உதிர்ந்துவிடும். கட்டிக் கொண்டு வருவது வெறும் குச்சி. முதல் நாள் வாடவிட்டு, மறுநாள் விடியற்காலையில் இலை கொஞ்சம் பதமாக இருக்கும்போதே புரட்டி, பிறகு வேலிமேலோ, மூங்கில் முக்காலிமேலோ, கொட்டகை நிழலிலோ காற்றுப் படும்படி தொங்கவிட்டு முடிக்க வேண்டும். பச்சை நிறம் மாறாமல், இலை ஒட்டிக்கொண்டிருந்தால் நல்ல தீவனம். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். தோல் உரிந்து வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே வராமல் போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், சில சமயம் தீயும் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் ஓர் அடுக்கு காய்ந்த சோளத்தட்டு, ஓர் அடுக்கு கொடி என்று மாற்றி மாற்றி வையுங்கள். மிச்ச ஈரத்தைத் தட்டு இழுத்துக்கொள்ளும், தட்டுக்கும் மணம் ஏறும், மாடு கழிக்காமல் தின்னும்.

கடலைக்கொடிக்கும் இதேதான். இலையோடு காய்ந்த கடலைக்கொடி அருமையான தீவனம். மழையில் நனைந்து கறுத்த கொடியைக் கறவை மாட்டுக்குப் போடாதீர்கள், மனம் கேட்காவிட்டாலும் குப்பைக் குழிக்குத் தள்ளுங்கள். பூஞ்சையில் உண்டாகிற அஃப்ளாடாக்சின் பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை.

வயிறு உப்புசத்தைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. இளங்குதிரைமசாலைப் பனியோடு, வெறும் வயிற்றில் இருக்கிற மாட்டுக்குப் போட்டால் இடது விலா பக்கம் தமுக்கு மாதிரி உப்பிவிடும். இரண்டு மணி நேரத்தில் மாடே போய்விடலாம். முதலில் தட்டோ வைக்கோலோ கொஞ்சம் போட்டு, பிறகு வாடவிட்ட தழையைப் புல்லோடு நறுக்கிக் கலந்து போடுங்கள். புதிதாகப் பழக்கும்போது ஒரு கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழை போடுகிறவர்கள் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு, அளவு மீறினால் முடி கொட்டும்.

இனி என் கோரிக்கையின் விவரம். ஓர் உறுப்பினருக்குப் பத்து சென்ட் வேலிமசால் என்று வையுங்கள். அதற்கு 800 கிராம் விதை. நூறு உறுப்பினருக்கு 80 கிலோ. ஒருவர் காட்டில் அரை ஏக்கரைச் சங்கம் குத்தகைக்கு எடுக்கலாம். அல்லது, இன்ன விலைக்கு விதையைச் சங்கமே வாங்கிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தால் உறுப்பினர் ஒருவரே வளர்ப்பார். தழையை இழப்பதற்கு ஈடான விலையாக அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்பதாம் நாள் அரிவாள் விழுந்துவிடும். வேலிமசால் காய் ஒரே நாளில் பழுக்காது. பழுத்தது வெடித்துச் சிதறும். பழுப்பு நிறம் வந்ததை இரண்டு மூன்று தடவையாகக் கிள்ளி எடுக்க வேண்டும். வயதான அம்மாமார்கள் நிழல் சாய்ந்த பிறகு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுங்கள்.

இது நடக்குமா என்று கேட்பீர்கள். ஆந்திராவில் அனந்தபுரம் மாவட்டம் நம்மைவிட வறண்ட பூமி. அங்கே மானாவாரி விவசாயிகள் முயல்மசாலை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். விதை தரையில் உதிர்ந்த பிறகு நிலத்தைப் பெருக்கி, மண்ணோடு அள்ளி, தூற்றிச் சலித்து விதையைப் பிரிக்கிறார்கள். அந்த விதை பல மாநிலங்களுக்குப் போகிறது. அவர்களால் விற்கிற அளவுக்கு முடிகிறதென்றால், நம் தேவைக்கு மட்டும் நம்மால் முடியாதா?

கையிலிருந்து காசு போடச் சொல்லவில்லை. முதல் வருட விதைக்கும் குத்தகைக்கும் ஆகிற செலவை, தீபாவளிக்குப் பிரிக்கிற போனஸில் ஒரு சிறு பங்காகக் கழித்துக்கொள்ளுங்கள். வருகிற பேரவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். எதிர்ப்பவர்கள் இருந்தால் அவர்கள் கேள்விக்கு நான் வந்து பதில் சொல்கிறேன். மாட்டுக்கு உடனே பால் கூடுமா என்று கேட்பார்கள். புரதம் போதாமல் இருந்த மாட்டுக்குக் கூடும், ஏற்கெனவே நன்றாகத் தின்கிற மாட்டுக்குக் கூடாது. அங்கே மூட்டைச் செலவுதான் குறையும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் விதை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் நம்பிக்கை போய்விடும்.

என் காட்டில் நாலு பாரை இந்தத் தடவை அறுக்காமல் விட்டிருக்கிறேன். காய் பழுப்பேறத் தொடங்கிவிட்டது. பதினைந்து நாளில் இரண்டு மூன்று கிலோ விதை தேறும். அதில் ஒரு கிலோவை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மீதியை முதலில் விதைத் தோட்டம் வைக்க முன்வருகிற சங்கத்துக்குக் காசில்லாமல் கொடுக்கிறேன். சுடுநீர்ப் பக்குவத்தை எழுதிய சீட்டும் அந்தப் பையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
தாராபுரம் வட்டத்துப் பால் உற்பத்தியாளர் ஒருவன்